ஃபுல்பவர் ஜன்னலை விட்ட கதை

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அது தலைகாட்டும். மற்ற இடங்களிலெல்லாம் அவர் ஃபுல்பவர். எது நின்றாலும் எது கெட்டாலும் அவர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "ஃபுல் பவர் குடு." காப்பி இயந்திரம் பாதிக் கோப்பையோடு மூச்சை நிறுத்தினால்கூட அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி இதையேதான் சொல்வார். இயந்திரம் பயந்து மீதிக் காப்பியை அவர் சட்டையில் ஊற்றும்.

தன்னை எல்லோரும் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார். அலை அனுப்பும் அவருடைய பெட்டியில், பவரைக் கூட்டும் திருகு முட்டி நிற்கும் கோட்டைத் தாண்டி, யாரோ ஒரு குறும்பன் மார்க்கர் பேனாவால் இன்னொரு கோடு இழுத்து 'சாருக்கு மட்டும்' என்று எழுதி வைத்திருந்தான். மானமுள்ள மனுஷன் துடைத்திருப்பான். இவர் அதன்மேல் செல்லோடேப் ஒட்டிப் பாதுகாத்தார்.

அங்கே நடந்த வேலையை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஃபுல்பவரைச் சொல்லச் சொன்னால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

கூடத்தின் நடுவே, ராட்சத லாரி டயரைப் படுக்க வைத்த மாதிரி, ஒரு இரும்பு வளையம். உள்ளே ஆள் தவழ்ந்து போகலாம், தொப்பை அனுமதித்தால். அதிலிருந்து காற்றை ஒட்ட உறிஞ்சிவிட்டு, துளி வாயுவை விட்டுச் சூடாக்குவார்கள். அடுப்புச் சூடு இல்லை; அணுவே பிய்ந்து, எலெக்ட்ரான் ஒரு பக்கம், மிச்சம் மீதியான அயனி ஒரு பக்கம் என்று குடும்பம் கலைந்துபோகிற சூடு. கலைந்த அந்தக் கூட்டத்துக்குப் பிளாஸ்மா என்று பெயர். அதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? தொட்ட மாத்திரத்தில் அதுவும் ஆறிப்போகும், பாத்திரமும் பாழ். அதனால் வளையத்தைச் சுற்றித் தடித்த கம்பிச் சுருள்களை வைத்து, காந்தப்புலத்தாலேயே அதை அந்தரத்தில் பிடித்து வைத்திருப்பார்கள். காந்தப்புலத்துக்குள் மாட்டிய துகள் நினைத்த பக்கம் ஓட முடியாது. ஒரு காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். எத்தனை வேகத்தில் சுற்றுவது என்பதும் அதன் இஷ்டமில்லை. காந்தம் பலமானால் சுற்றும் வேகமாகும்.

இப்படி ஒரு தடவை மூட்டி அணைப்பதற்கு ஷாட் என்று பெயர். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அப்புறம் எல்லோரும் திரைகளைப் பார்த்தபடி சண்டை போடுவார்கள். சண்டை ஓய்ந்ததும் அடுத்த ஷாட். படித்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இது.

வளையத்தில் ஜன்னல்கள் உண்டு. நடுவயிற்றில் இருப்பதுதான் நல்ல ஜன்னல். அகலமானது, பிளாஸ்மாவுக்கு நேர் எதிரே திறப்பது. அதில்தான் ஃபுல்பவரின் ஆன்டெனா குடியிருந்தது. தபால் பெட்டிகளை வரிசையாக அடுக்கியதுபோலச் செப்பு வாய்கள். அந்த வாய்கள் வழியே மின்காந்த அலை உள்ளே போகும். வானொலி அலையின் சொந்தக்காரன்தான், ஆனால் துடிப்பு மிக அதிகம். விளிம்பில் இருக்கும் மெல்லிய, குளிர்ந்த பிளாஸ்மாவை அது கடந்து, நடுவில் கொதிக்கிற பிளாஸ்மாவைச் சேர்ந்து, கொண்டுபோன சக்தியை அங்கே இறக்க வேண்டும். அவ்வளவுதான். பார்சல் வேலை.

வாயு கொஞ்சமாக இருந்தால் பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வாயுவைக் கூட்டி, பிளாஸ்மாவை அடர்த்தியாக்கினால் நடுவில் ஒரு சூடும் ஏறுவதில்லை. அடர்த்தியான பிளாஸ்மாதான் எல்லோருக்கும் வேண்டியது. ஃபுல்பவரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஒரு நாள் வெப்பமானி பொய் சொல்கிறது. இன்னொரு நாள் அதைப் படித்தவனுக்கு அறிவில்லை. வேறொரு நாள் பிளாஸ்மாவே அழுக்கு. எந்த நாளும் கடைசியில் வந்து நிற்பது, "பவர் பத்தல. ஏத்து."

இந்தப் புத்தி அவருக்கு எந்தக் கல்லூரியும் போட்ட பிச்சை இல்லை. சின்ன வயதில் அவர் அண்ணன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கூட்டம் நடக்கும் தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுவது, வயர் இழுப்பது, மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயரோடு குந்துவது, எல்லாம் தம்பிதான். அங்கே இரண்டே சட்டம். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையா, சத்தத்தை ஏற்று. குழாயில் 'ம்ம்ம்' என்று ஹம் வந்ததா, வயரிங் செய்தவன் முதுகில் செருப்பு. மேடையில் பேசுகிறவர் தொண்டை வறண்டு செத்தாலும் பரவாயில்லை, ஹம் மட்டும் வரக்கூடாது. ஹம் வந்தால் எர்த் சரியில்லை, எர்த் சரியில்லை என்றால் அந்தக் கடைக்கு மானமில்லை. அப்புறம் அவர் எவ்வளவோ படித்தார், பட்டமெல்லாம் வாங்கினார். மண்டைக்குள் ஓடியது என்னவோ அந்த இரண்டு சட்டங்கள்தான்.

வளையத்தின் உட்சுவரைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி ஒருவர் இருந்தார். சுவருக்குப் பூச்சு ஏற்றுவது, சுவரோரம் பிளாஸ்மா என்ன செய்கிறது என்று சிறு ஊசி ஒன்றை நீட்டி அளப்பது அவர் வேலை. கூடமே அவரைச் சுவரம்மா என்றது. நிதானமான ஆள். யார் கத்தினாலும் கத்தி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதனால் அவர் கண்ணாடி எப்போதும் பளபளவென்று இருக்கும்.

அவருக்கும் அந்த நடு ஜன்னல் வேண்டியிருந்தது. அங்கிருந்து ஒரு பொடியைத் தூவினால் சுவரில் சீராகப் படியும், விளிம்பு சுத்தமாகும் என்பது அவர் திட்டம். வளையத்தைத் திறந்து பழுதுபார்க்கும் காலம் நெருங்கியது. ஜன்னல் யாருக்கு என்று கூட்டம் போட்டு முடிவு செய்வதாக இயக்குநர் அறிவித்தார். இயக்குநர் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம் சாய்கிறவர். அதனால் எல்லோரும் கடைசியாகப் பேசக் காத்திருந்து, கூட்டங்கள் முடிவதே இல்லை.

ஜன்னல் போனால் ஃபுல்பவருக்கு அங்கே வேலையே இல்லை. அந்தச் செப்பு வாய்களில் அவருடைய முடி கொட்டியிருந்தது, முதுகு வளைந்திருந்தது, மனைவியோடு போவதாகச் சொன்ன ஒவ்வொரு ஊரும் போகாமல் நின்றிருந்தது. வேறு எதையும் அவர் உருப்படியாகச் செய்து யாரும் பார்த்ததில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம், கட்டுப்பாட்டு அறையில் வைத்துச் சுவரம்மா வாயைத் திறந்தார்.

"சார், ஒரு விஷயம். நீங்க பெட்டிய ஆன் பண்ணும்போதெல்லாம் என் ஊசியில ஒரு ஹம் வருது."

"உங்க ஊசிக்கு என் மேல பாசம்."

"நெஜமாத்தான் சார். நீங்க ஆஃப் பண்ணா போயிடுது. ஆன் பண்ணா வந்துடுது. எனக்கு வேற எதையுமே அளக்க முடியல. உங்க பெட்டியில எங்கயோ எர்த் சரியில்லன்னு நெனக்கிறேன்."

"என்னது?"

"எர்த். வயரிங் கோளாறு."

ஷாட்டுக்கு முன்னால் பத்திலிருந்து தலைகீழாக எண்ணுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒருவர் அங்கே உண்டு. கவுண்ட்டவுன் என்று பெயர். அவர் வாய்க்குள் போன பிஸ்கட் பாதியில் நின்றது.

"அம்மா," என்றார் ஃபுல்பவர். குரல் தாழ்ந்திருந்தது, அதுவே பயமாக இருந்தது. "என் அலை நடுவுக்குப் போகலன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். என் மூஞ்சி சரியில்லன்னு சொல்லுங்க, அதையும் கேட்டுக்கிறேன். என் வயரிங்ல ஹம் வருதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"வருதே சார்."

"வராது!"

"சரி, எங்கேர்ந்து வருதுன்னு நீங்களே சொல்லுங்க." சுவரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஃபுல்பவருக்கும் வளையத்துக்குள் ஒரு ஒட்டுக்கேட்கும் ஊசி இருந்தது. தன் அலை கிளம்பிவிட்டதா என்று விளிம்பிலிருந்து கேட்டுச் சொல்வது அதன் வேலை. அதை மாட்டிய நாளிலேயே அவர் ஒரு காரியம் செய்திருந்தார். ஊசியிலிருந்து திரைக்கு வரும் வயரில் ஒரு சின்ன டப்பாவைச் செருகினார். வடிகட்டி. அவருடைய அலை நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறதோ அந்த எண்ணை மட்டும் உள்ளே விடும். அக்கம்பக்கத்து எண் எதையும் அண்டவிடாது. 'மத்ததெல்லாம் குப்பை' என்பது அவர் கொள்கை. அத்தனை வருஷமாகத் திரையில் ஒரே ஒரு கோபுரம், அவருடையது, ஒற்றையாக, கம்பீரமாக நின்றது. கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டுவார். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிவிட்டு, ஊரில் தன்னைத் தவிரப் பாடகனே இல்லை என்கிறவனுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது அந்த டப்பாவை அவரே கழற்றினார். தன் பெட்டியிலிருந்து ஒற்றைச் சுருதியைத் தவிர வேறு எதுவும் வரவில்லை, ஹம்மும் இல்லை ஹிம்மும் இல்லை என்று அந்த அம்மாள் மூக்குக்கு நேரே காட்டுவதற்காக.

"அடர்த்தியா ஒரு ஷாட் போடு. ஃபுல் பவர்."

கவுண்ட்டவுன் எண்ணினார். வளையம் 'தும்' என்றது. திரையில் கோபுரம் எழுந்தது. அதன் பக்கத்திலேயே, சற்றுக் கீழான எண்ணில், தொந்தியும் தொப்பையுமாக ஒரு மேடு உட்கார்ந்திருந்தது.

ஃபுல்பவர் திரையைத் துடைத்தார். மேடு போகவில்லை. வயரை மாற்றினார். ஊசியின் திருகை இறுக்கினார். கவுண்ட்டவுனைத் திட்டினார். அடுத்த ஷாட்டிலும் மேடு அதே இடத்தில் இருந்தது. வந்த விருந்தாளி போகவில்லை. இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டிருந்தார்.

ஃபுல்பவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்: "உங்க ஹம்மோட எண் என்ன?"

சுவரம்மா சொன்னார். சின்ன எண், அது மந்தமான முனகல். ஃபுல்பவர் அதையும் தன் திரையின் மேட்டு எண்ணையும் மனத்துக்குள் கூட்டினார். கூட்டலில் அவர் எப்போதும் கெட்டிக்காரர். வந்த விடை அவருடைய கோபுரத்தின் எண். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அது என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார். தெரிந்துவிட்டது. மாணவனாக இருந்தபோதே படித்ததுதான். பலமான அலை ஒன்று மெல்லிய விளிம்புக்குள் நுழையும்போது அங்கிருப்பதைப் பிடித்து உலுக்குகிறது. விளிம்பில் ஏற்கெனவே சின்ன ஆட்டம் ஒன்று உண்டு, அயனிகள் காந்தக் கோட்டைச் சுற்றுகிற ஆட்டம். உலுக்கல் ஒரு வரம்பை (வாயு கூடக் கூட அது தாழ்ந்துகொண்டே போகும்) மீறினால் அந்தச் சின்ன ஆட்டம் ஊதிப் பெருத்து, தாய் அலையைப் பிய்த்து இரண்டாக்கிவிடும். தாயைவிடச் சற்றே நிதானமாகத் துடிக்கிற பிள்ளை ஒன்று. மூலையில் உட்கார்ந்து முனகுகிற பிள்ளை இன்னொன்று. இரண்டின் துடிப்பையும் கூட்டினால் தாயின் துடிப்பு வரும்; பெற்றவள் யாரென்று மறைக்கவே முடியாது. பிள்ளைகள் இரண்டும் நடுவரைக்கும் போகிற ரகமில்லை. தாய் சேர்த்த சொத்தை வாசலிலேயே தின்று தீர்த்துவிட்டு அங்கேயே அடங்கிப்போகும். தாயைப் பலமாக அனுப்பினால் பிள்ளைகள்தான் கொழுக்கும்.

இதெல்லாம் அடுத்தவன் ஆன்டெனாவுக்கு வரும் நோய் என்றே அவர் நினைத்திருந்தார்.

இன்னும் ஒரு நப்பாசை. "காந்தத்தக் கொஞ்சம் ஏத்து," என்றார். "என் பெட்டியத் தொடாத."

ஹம் அவர் வயரிங்கில் பிறந்ததாக இருந்தால், காந்தத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் அதற்கென்ன? அதே எண்ணில் முனகிக்கொண்டிருக்கும். விளிம்பில் அயனிகள் சுற்றுவதில் பிறந்ததாக இருந்தால் எண் மாறியாக வேண்டும். ஷாட் போட்டார்கள். சுவரம்மா குனிந்து பார்த்தார்.

"ஹம் மேல ஏறியிருக்கு சார்."

ஃபுல்பவரின் திரையில் மேடு அதே அளவு கீழே இறங்கியிருந்தது. கூட்டினால் பழைய விடைதான்.

ஆக, வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. உலகத்திலேயே சுத்தமான வயரிங். ஃபுல்பவர் ஜெயித்துவிட்டார். ஜெயித்த கையோடு அடர்த்தியான பிளாஸ்மாவில் அவருடைய அலை இத்தனை காலமும் வாசலைத் தாண்டியதே இல்லை என்பதும் நிரூபணமாகிவிட்டது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் மீசை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியது.

"பாதி," என்றார்.

"என்ன பாதி சார்?" என்றார் கவுண்ட்டவுன்.

"பவர்ல பாதி."

மூலையில் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"சார், உடம்பு ஏதாவது..."

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் காதுக்குத்தான் வியாதி. பாதின்னேன்!"

பாதியில் மேடு சுருங்கியது. "இன்னும் கொற," என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது. இன்னும் குறைத்தார்கள். மேடு மறைந்தது. கோபுரம் மட்டும், குட்டையாக, தனியாக நின்றது. அது நேராக நடுவுக்குப் போயிருக்கும், சந்தேகமில்லை. போய் ஒரு மெழுகுவத்தி அளவுக்குச் சூடும் கொடுத்திருக்கும்.

"ஹம் போயிடுச்சு!" சுவரம்மா முதல்முறையாகச் சிரித்தார். "எந்த வயர் சார்? கண்டுபிடிச்சிட்டீங்களே! நான் எந்த ஜன்னல்ல இருந்தும் பொடி தூவிக்குவேன், ஹம் இல்லன்னா போதும். நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்லிடறேன், சார் வயரிங்க சரி பண்ணிட்டார், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லன்னு."

ஃபுல்பவர் டப்பாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு மச்சினன் வந்திருந்தான், மனைவியின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுக்க மற்றவர்கள் உயிரைக் கையில் பிடித்தபடி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பதால், வெளியில் வந்ததும் அவனுக்கு எல்லாமே ஜாலி. மனைவி பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எங்கே தாமதிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"என்ன, இன்னிக்குச் சத்தமே காணோம்?" என்றாள் தட்டை வைத்துக்கொண்டே. "யாரையும் திட்டலியா?"

ஃபுல்பவர் டப்பாவை மேஜைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார். ஹம், மேடு, கூட்டல், எல்லாம். மச்சினன் மென்றுகொண்டே கேட்டான். புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் தனக்கு வேண்டிய இடத்தை மட்டும் சரியாகக் கொத்திவிட்டான்.

"அத்தான், நான் ஒண்ணு கேக்கட்டா? இந்த டப்பா ஒண்ணுதான் இருக்கா?"

"இன்னொண்ணு இருக்கு. ஹம்மையும் வடிகட்டும்."

"அத அந்தம்மா வயர்ல மாட்டிட்டா?"

"அவங்களுக்கும் கேக்காது."

"அப்புறம் என்ன! ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. வயரிங்தான் தப்பு, சரி பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த. ஜன்னல் ஒங்களுக்கு. இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

"என் வயரிங் தப்புன்னு நான் என் வாயால சொல்லணுமா?"

"சொன்னா என்ன? நான் தெனமும் சொல்றேனே. கத்துக்க வர்றவன் கம்பத்துல இடிப்பான். 'ஒண்ணுமில்ல சார், பிரேக் கொஞ்சம் லூசு, என் தப்புதான்'னு சொல்லுவேன். அவன் மறுநாளும் வருவான்."

"அவர்கிட்டப் போய்ச் சொல்றியே," என்றாள் மனைவி. "சாவிய உள்ள வச்சுப் பூட்டினது யாருன்னு கேட்டா இன்னிக்கு வரைக்கும் காத்துங்கிறார்."

"காத்துதான்."

"பாத்தியா?"

"எங்க அண்ணன் கடையில ஹம் வந்தா செருப்பு பறக்கும்," என்றார் ஃபுல்பவர், யாரையும் பார்க்காமல்.

"ஒங்க அண்ணன் இப்ப டைல்ஸ் விக்கிறார்."

மச்சினனுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டும் சிரித்தான். ஃபுல்பவர் எழுந்து கையைக் கழுவப் போனார். மனைவி பின்னாலேயே போய், துண்டை நீட்டியபடி, தம்பிக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"அந்த ஜன்னல் போனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தெரியல."

அவள் துண்டை உடனே விட்டுவிடவில்லை. இந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. குழாயடியில் இரண்டு பேரும் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கக் கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. பிறகு அவள், "மொதல்ல கையத் தொடைங்க. எல்லாம் தரையில சொட்டுது," என்றாள்.

மறுநாள் கூட்டம். நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், யாரும் படிக்காத தாள்கள். சுவரம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சார் வயரிங்கைச் சரிசெய்துவிட்டார், ஜன்னல் அவரிடமே இருக்கட்டும் என்றார். இயக்குநர் முகம் மலர்ந்தது. சண்டையில்லாமல் ஒரு கூட்டம் முடிவது அவர் பதவிக்கு வந்த நாளிலிருந்து காணாத அதிசயம். "அப்ப முடிச்சுக்கலாமா?" என்று பேனாவை மூடப் போனார்.

ஃபுல்பவர் தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஒரே ஒரு ஆட்டு. டப்பாக்கள் இரண்டும் பையில் இருந்தன.

"யார் வயரிங்க?" என்றார்.

இயக்குநரின் பேனா நின்றது.

"என் வயரிங்ல கோளாறுன்னு எவன் சொன்னது? என் வயரிங்ல கோளாறு இருந்ததும் இல்ல, இருக்கப்போறதும் இல்ல. அந்த ஹம் பிளாஸ்மாவுல பொறக்குது. என் அலை உள்ள நுழையறதுக்குள்ள விளிம்புலயே ரெண்டா ஒடையுது. ஒடைஞ்சதுல ஒரு பாதிய இந்தம்மா ஊசி கேட்டுக்கிட்டு இருக்கு. இன்னொரு பாதி என் ஊசிக்குக் கேட்டிருக்கணும். நான் காதப் பொத்தி வச்சிருந்தேன். காந்தத்த மாத்தினா ரெண்டும் மாறுது, ரெண்டையும் கூட்டினா வர்ற எண் மட்டும் மாறல. வேணும்னா போட்டுப் பாருங்க."

தண்ணீர் பாட்டில் ஒன்று நெளிந்து 'டக்' என்றது.

"அப்படின்னா..." இயக்குநர் மெதுவாக இழுத்தார், "அடர்த்தி ஏத்தினா ஒங்க அலை நடுவுக்குப் போகவே இல்லைங்கிறீங்களா? இத்தன வருஷமா?"

"போகல."

"ஃபுல் பவர்லயுமா?"

"ஃபுல் பவர்லதான் ரொம்ப மோசம்."

பின்வரிசையில் கவுண்ட்டவுன் 'ஐயோ' என்றது எல்லோருக்கும் கேட்டது.

"இதுல வெக்கப்பட வேண்டியவங்க நீங்க," என்று ஃபுல்பவர் விரலை நீட்டி மேஜையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இத்தன பேர் இருக்கீங்க. இத்தன பட்டம். நான் தப்புன்னு ஒருத்தருக்குக் கண்டுபிடிக்கத் துப்பில்ல. அதையும் நானேதான் பண்ண வேண்டியிருக்கு. எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

இதை நேர்மை என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. நேர்மையான ஆளாக இருந்தால் வடிகட்டியே மாட்டியிருக்க மாட்டார். இது வெறும் திமிர். வயரிங்குக்காக ஜன்னலை விட்டுக்கொடுத்த திமிர். ஆனால் மற்ற யாருக்கும் அந்தத் திமிர்கூட இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேஜையைச் சுற்றி எத்தனை பைகளில் எத்தனை டப்பாக்கள் இருந்தனவோ, ஒன்றும் வெளியே வரவில்லை.

"அப்ப என் ஹம் நெஜம்தானா சார்?" என்றார் சுவரம்மா.

"ஒங்க ஊசி ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. எனக்கே ஆச்சரியம்." அவர் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்தார். "விளிம்பு குளிர்ந்து கெடக்கிறதாலதான் இவ்வளவு சுலபமா ஒடையுது. அது சுத்தமாகிச் சூடானா ஒடையறதுக்கு இன்னும் பலமான அலை வேணும், அதுவரைக்கும் உள்ள போவும். அதனால ஜன்னல அவங்களுக்குக் குடுங்க. நல்லாப் பண்ணுவாங்கன்னு நம்பிக்கையெல்லாம் இல்ல. இப்ப இருக்கறதுல அவங்கதான் கொஞ்சம் தேவல."

கடைசியாகப் பேசியவர் அவர். இயக்குநர் அந்தப் பக்கம் சாய்ந்தார். ஜன்னல் போய்விட்டது.

வளையத்தைத் திறந்தார்கள். ஆன்டெனாவைக் கழற்ற ஆட்கள் இருந்தும் ஃபுல்பவர் ஒருவரையும் தொடவிடவில்லை. வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, தொப்பையை எக்கி, மாவுமூட்டை ஒன்று குகைக்குள் போவதுபோல் நுழைந்தார். பின்னாலேயே சுவரம்மா, கையில் கேமராவோடு. வெளியே கவுண்ட்டவுன் ஃபுல்பவரின் கால்களைப் பார்த்துப் பத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து செருப்பொன்று வெளியே வந்தது. எண்ணுவது நின்றது.

கடைசித் திருகும் கழன்றதும், ஃபுல்பவர் தற்செயலாக டார்ச்சைப் பக்கத்தில் திருப்பினார். செப்பு வாய்களுக்கு இரண்டு பக்கமும் சுவரில் கரி. ஒரு கை அகலத்துக்குப் பழுப்பும் கறுப்புமாகத் தீய்ந்த பட்டை, காந்தக் கோடுகள் போகிற சாய்விலேயே ஓடியிருந்தது. அவர் அனுப்பியதெல்லாம் வந்து இறங்கிய முகவரி அது. நடுவுக்கு என்று அனுப்பிய அத்தனையும் இங்கேதான் பிரிக்கப்பட்டிருந்தது.

அவர் கையுறைக் கையால் அதைத் தேய்க்கப் போனார்.

"தொடாதீங்க சார்!" சுவரம்மா பதறினார். "அத அழிச்சிடாதீங்க. எவ்வளவு எங்க போயிருக்குன்னு இதுலதான் தெரியும். எனக்கு இது வேணும்."

"இது ஒங்களுக்கு எதுக்கு? என் கரி."

"ஒங்க கரிதான். ஆனா இதவிட நல்ல அளவு ஒங்களுக்கும் கெடைக்காது, எனக்கும் கெடைக்காது." அவர் கரியின் ஓரமாக ஒரு ஸ்கேலை வைத்து, மண்டியிட்டு, கேமராவைத் தூக்கினார். "வெளிச்சம் பத்தல. டார்ச்ச இப்படிக் காட்டுறீங்களா?"

ஃபுல்பவர் கொஞ்ச நேரம் காட்டவில்லை. பிறகு முழங்காலை மாற்றி ஊன்றி, டார்ச்சைத் தூக்கிப் பிடித்தார்.

"ஸ்கேலக் கோணலா வச்சிருக்கீங்க," என்றார். "இதுக்குத்தான் எவ்வளவு படிச்சாலும் பத்தாதுங்கிறது. அங்க என்னத்த எடுக்கிறீங்க, அங்க ஒண்ணுமில்ல. இன்னும் இடது பக்கம் வாங்க. இன்னும். இங்கதான் நெறைய வந்திருக்கு."

சுவரம்மா நகர்ந்தார். ஃபுல்பவர் வெளிச்சத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.